சலவைத் துறையிலிருந்து ஆமைத் தொட்டி வரை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுக் குழாயைத் திறந்து, ஒரு குவளை நீரைப் பிடித்து முகர்ந்து பாருங்கள். சில நாள்களில் மூக்கில் ஏறும் ஒரு கார நெடி தெரியும். அதுதான் குளோரின். நம் உயிரைக் காக்கவே அது நீரில் சேர்க்கப்படுகிறது. ஆனால் அதே நீரை, நீங்கள் வளர்க்கும் ஆமையின் தொட்டியில் அப்படியே ஊற்றலாமா? இக்கேள்விக்கு விடை தேடிப் போனால், கதை துணி வெளுக்கும் இடத்தில் தொடங்குகிறது!

1774இல் ஷீலே என்ற வேதியியலார் குளோரின் வாயுவைக் கண்டறிந்தார். 1785இல் பிரெஞ்சு அறிஞர் பெர்தொலே, அது துணியை வெளுக்கும் என்று காட்டினார். அதுவரை துணியை வாரக்கணக்கில் வெயிலில் விரித்து வெளுத்து வந்தனர். 1799இல் டென்னன்ட் என்பவர் சலவைத்தூளை உருவாக்கினார். வேலை எளிதாயிற்று. ஆனால் ஒரு தொல்லை: துணியில் எஞ்சிய குளோரின் நூலை இற்றுப்போகச் செய்தது. அதை முறிக்கப் பயன்பட்ட உப்புதான் சோடியம் தயோசல்பேட். 'ஹைப்போ' என்றால் உங்களுக்கு உடனே புரியும். புகைப்பட நிலையங்களின் இருட்டறைகளில் புகுந்ததும் இதே உப்புத்தான். நீலத் துணியை ஆப்பிரிக்கா வரை அனுப்பிய புதுச்சேரிக்கு, துணியோடு பிணைந்த இக்கதை அந்நியமானதன்று.

சலவைத்தூள் குடிநீருக்குள் வந்தது எப்படி? மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்து நீர் புதுச்சேரி நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாகவே பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. நல்ல ஊற்றைத் தேடிப் பிடிப்பதே அக்காலத்துப் பாதுகாப்பு. நோயைப் பரப்புவது கண்ணுக்குத் தெரியாத கிருமி என்பது அப்போது தெளிவாகவில்லை. 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். 1897இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரில் டைபாய்டு பரவியபோது, நீர்க்குழாய்களைச் சலவைத்தூளால் தூய்மை செய்தனர். 1903இல் இந்திய மருத்துவப் பணியிலிருந்த நெஸ்ஃபீல்டு என்ற மருத்துவர், திரவக் குளோரினால் நீரைத் தூய்மையாக்கும் வழியை வெளியிட்டார். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீருக்கு நாள்தோறும் குளோரின் சேர்க்கத் தொடங்கியது. இன்று நம் நாட்டுத் தரவிதிப்படி, குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். வழியில் குழாய்க்குள் சிறிதளவு மாசு கசிந்தால் ஓரளவு காவல் காப்பது இந்த மிச்சமே.

இனி ஆமையிடம் வருவோம். மீன் செவுளால் மூச்சு விடுவதால் குளோரின் அதை விரைவில் கொன்றுவிடும். ஆமைக்கு நுரையீரல் உண்டு, உடனே சாகாது. எனினும் கண்ணும் தோலும் எரிச்சலுறும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆமையின் கழிவில் வரும் அம்மோனியாவை, வடிகட்டியில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. காலராக் கிருமியைக் கொல்லும் குளோரின் இவற்றை மட்டும் விட்டுவைக்குமா?

வழி எளிது. அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் நீரை ஒரு நாள் திறந்து வையுங்கள்; குளோரின் வெளியேறிவிடும். வெயில் பட்டால் இன்னும் விரைவு. அவசரமானால் ஹைப்போ உண்டு. 1 மில்லிகிராம் குளோரினுக்குச் சுமார் 7 மில்லிகிராம் ஹைப்போ தேவை. லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரினுள்ள 20 லிட்டர் நீருக்கு 70 மில்லிகிராம் போதும். ஏறக்குறைய மூன்று அரிசியின் எடை! குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமீன் இருந்தால், நீரைத் திறந்து வைத்தால் மட்டும் போகாது. அதற்கு ஹைப்போதான் வேண்டும்.

ஆனால் குடிநீர்க் குடத்தில் மட்டும் ஹைப்போவைப் போட்டுவிடாதீர்கள். ஆமைத் தொட்டியின் நீரைச் சமையலறையில் கொட்டவும் கூடாது. ஆமைகள் சால்மனெல்லா கிருமியைச் சுமக்கும். குழந்தைகள் நோயுற்றதால், 4 அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தடைசெய்தது. ஆமையைத் தொட்டபின் சோப்பால் கை கழுவுங்கள். குளத்தில் பிடித்த நம் நாட்டு ஆமையை வளர்ப்பதோ 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம்.

ஒரே குளோரின் உங்களுக்குக் காவல், ஆமைத் தொட்டிக்குக் கேடு. நீர் தூயதா என்று கேட்கும்போது, யாருக்கு என்றும் சேர்த்துக் கேளுங்கள்.