கொல்லைக்குப் பட்டா வந்த கதை

இந்த மலருக்கு ஆளுக்கு ஒன்று எழுதித் தரணும் என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் சொன்னார்கள். குழு ஆரம்பித்த கதை, வங்கிக் கடன், தையல் பயிற்சி, கறவை மாடு என்று மற்ற அக்காமார்கள் எழுதுவார்கள். நான் கொல்லையைப் பற்றி எழுதுகிறேன். கொல்லைக்கு என்ன வரலாறு என்று சிரிக்க வேண்டாம். நம்ம கீழத்தஞ்சைப் பக்கத்தில், கூலி வேலைக்குப் போகிற ஒரு குடும்பம் வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி கட்டி, இது என்னுடையது என்று சொல்லிக் காய் பறிக்கிற உரிமை வந்து அறுபது வருஷம்கூட ஆகவில்லை. எங்க அப்பாயி அதைக் கண்ணால் பார்த்தவங்க. எண்பது வயதைத் தாண்டிவிட்டது, இன்னமும் காலையில் எழுந்ததும் கொல்லைப் பக்கம்தான் முதலில் போவாங்க. கீழே எழுதியிருப்பதில் பாதி அவங்க சொன்னது. மீதி, விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த எங்க பெரியப்பா சொன்னதும், பயிற்சிகளில் கேட்டுக் குறித்து வைத்ததும்.

முதலில் கோடையைச் சொல்லணும். வெளி மாவட்டத்துக்காரங்க டெல்டா என்றால் வருஷம் பூரா பச்சை என்று நினைக்கிறாங்க. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடித்தார்கள். ஜூன் 12-ல் திறப்பது, ஜனவரி 28-ல் மூடுவது என்பது முறை. தண்ணீர் குறைந்த வருஷங்களில் திறப்பு தள்ளிப் போகும், அது நமக்குத் தெரிந்ததுதான். தை, மாசியில் சம்பாவும் தாளடியும் அறுத்து முடிகிறது. நெல் தாளுக்குள் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனிக்குள் எடுத்தாகிவிடும். அதற்குப் பிறகு வாய்க்காலில் தண்ணி இல்லை, வயலில் வேலை இல்லை. தண்ணி திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். நடவுக்கு ஆள் கூப்பிடும் வரை இரண்டு மூணு மாதம் கூலி கிடையாது. பிற்பாடு நூறு நாள் வேலை வந்தது, அப்போது அதுவும் இல்லை. அந்த மாதங்களில் அடுப்பு எரிந்ததற்குக் காரணம் கொல்லைக் காய். கோடைக்காய் நமக்கு பொழுதுபோக்கு இல்லை, அதைத்தான் சொல்ல வந்தேன்.

தை கடைசியில் குளத்து வண்டலையும் எருவையும் கொட்டிக் கொத்திவிட்டு மாசியில் விதை ஊன்றினால், நாற்பது நாற்பத்தைந்து நாளில் வெண்டை காய்க்கத் தொடங்கும். அடுத்தது கொத்தவரை. கத்திரி நாற்று பிடுங்கி நட்ட இரண்டு மாதத்தில் வரும். பந்தலில் பீர்க்கு, புடலை, பாகல், கூரைமேல் சுரை. தண்ணீர் எங்கிருந்து என்று கேட்பீங்க. குளித்த தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி, அரிசி களைந்த தண்ணி. வாய்க்கால் காய்ந்த ஊரில் கொல்லை மட்டும் பச்சையாக இருப்பதற்கு அதுதான் ரகசியம்.

பறிப்பது சின்ன வேலை என்று ஆம்பளைங்க நினைக்கிறாங்க. வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆகணும், மூணாம் நாள் நார் ஓடிவிடும். நுனியை ஒடித்தால் டக்கென்று ஒடியணும், வளைந்தால் அது விதைக்குத்தான். பறிப்பதற்கு முன்னால் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் அதன் சுணை மத்தியானம் வரை அரிக்கும். கத்திரியைக் கையால் இழுத்தால் கிளையோடு வரும், காம்போடு கத்தியால் அறுக்கணும். கொத்தவரை அடியிலிருந்து மேலே முற்றிக்கொண்டு போகும், ஆகவே அடிக்கொத்திலிருந்து பறிக்கணும். புடலம்பிஞ்சின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால்தான் சுருளாமல் நேராக இறங்கும். பறங்கிக்காய்க்கு அவசரமே இல்லை. காம்பு காய்ந்து, நகம் வைத்தால் தோலில் இறங்காத பதத்தில் எடுத்து வீட்டுக்குள் வைத்தால் மழைக்காலம் வரை கிடக்கும். மிஞ்சின கத்திரியும் கொத்தவரையும் மோரும் உப்பும் போட்டுச் சித்திரை வெயிலில் வத்தலாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த வத்தல்தான் குழம்பு. கோடை வெயிலை மழைக்காலத்துக்குச் சேர்த்து வைக்கிற வேலை இது. சேமிப்பு என்ற வார்த்தையைக் குழுவில் வந்துதான் கற்றுக்கொண்டோம் என்று சிலர் பேசும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

பறங்கிக்காய் என்றதும் இன்னொன்று. பறங்கி என்று நம்ம முன்னோர் சொன்னது ஐரோப்பாக்காரங்களை, அதிலும் முக்கியமாகப் போர்ச்சுகீசியரை. இந்தக் காய் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது, கப்பல்காரங்க மூலமாக இங்கே வந்ததால் அவங்க பேரே ஒட்டிக்கொண்டது. நம்ம நாகப்பட்டினமே 1658-ல் டச்சுக்காரங்க பிடிக்கும் வரை போர்ச்சுகீசியர் கையில்தான் இருந்தது. மிளகாயும் அப்படி அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டு வந்ததுதான். மிளகு போலக் காரமான காய் என்பதால் மிளகாய். தக்காளி என்ற பேர் முன்பு நம்ம மணத்தக்காளி வகைக்கு இருந்தது, புதுசாக வந்த பழத்துக்கும் அதையே வைத்துவிட்டார்கள். திவசச் சமையலில் மிளகாய் போடாமல் மிளகு மட்டும் போடுகிற வீடுகளைப் பார்த்திருப்பீங்க. மிளகாய் வராத காலத்துச் சமையல் அந்த ஒரு நாளில் மட்டும் தங்கிவிட்டது. கத்திரி, பாகல், பீர்க்கு இதெல்லாம் இந்த நாட்டுப் பழைய காய். எங்கிருந்து வந்தாலும் கொல்லையில் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கிறது. சரி, இது கிடக்கட்டும்.

விஷயம் நிலம். எங்க அப்பாயி கல்யாணம் ஆகி வந்தபோது தாத்தா பண்ணையாள். குடிசை இருந்த இடம் மிராசுதாருடையது. அந்த மாதிரி இடத்துக்குக் குடியிருப்பு என்றுதான் பேர், மனை என்று சொல்ல முடியாது. பண்ணையில் வேலை செய்கிற வரைக்கும் இருக்கலாம், கோபம் வந்தால் காலி பண்ணு என்பார்கள். அப்பாயி சொல்றது: "அப்ப நாங்க மூணு மாசத்துல காய்க்கிறத மட்டுந்தான் போடுவோம். அதுக்கு மேல எங்க இருப்போம்னு எங்களுக்கே தெரியாது." வெண்டை, கீரை, சுரை. முருங்கைக் கொம்பு ஊன்றினாலும் அது இடத்துக்காரர் மரம், தென்னையைப் பற்றிப் பேச்சே இல்லை. வேலி கட்டினால் உரிமை கொண்டாடுகிறாயா என்ற கேள்வி வரும். வேலி இல்லாத கொல்லையில் ஆடு மேய்ந்தது போக மீந்ததுதான் நமக்கு. முதல் காய்ப்பில் நல்லதாகப் பார்த்துப் பண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். கேட்டுக் கொடுத்தாங்களா, கேட்காமல் கொடுத்தாங்களா என்று நான் கேட்டேன். "அதெல்லாம் கேக்கணுமா" என்று மட்டும் சொன்னாங்க.

1952-ல் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு என்றே சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சும்மா வெளியேற்றக் கூடாது என்று சட்டம் சொன்னது. ஆனால் குடிசை இருந்த மண் யாருடையது என்பது மாறவில்லை. செங்கொடிச் சங்கம் ஊர் ஊராக வளர்ந்தது, கூலி உயர்வு கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒண்டியிருந்த 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். அந்தச் சேதி கேட்டபோது எங்க அப்பா கைப்பிள்ளை. அப்பாயி அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்பவும் எழுந்து போய்விடுவாங்க. ஆகவே நானும் அதிகம் கேட்டதில்லை.

1971-ல்தான் குடியிருப்புச் சட்டம் வந்தது. கலைஞர் முதலமைச்சராக இருந்த காலம். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு இருக்கிற விவசாயத் தொழிலாளிக்கு, அவர் குடியிருக்கிற அந்த மனை சொந்தம் என்றது சட்டம். காகிதம் கைக்கு வருவதற்குள் நடையாய் நடந்தது தனிக் கதை. ஆனால் வந்தது. பட்டா வந்த வாரமே தாத்தா செய்தது கிளுவைப் போத்து வெட்டி வந்து நாலு பக்கமும் வேலி ஊன்றியது. அப்பாயி செய்தது, வேலி ஓரமாக ஒரு முருங்கை, மூலையில் ஒரு தென்னம்பிள்ளை. தென்னை காய்க்க எத்தனை வருஷம் ஆகும்! அத்தனை வருஷம் இங்கேதான் இருப்போம் என்று நினைத்து ஒரு செடியை வைத்தது எங்க குடும்பத்தில் அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம்தான் பந்தல் போட்டு புடலையும் பாகலும் ஏற்றினார்கள். மூங்கில் கால் நட்டுப் பந்தல் போடுவதற்கும் இடம் நிச்சயமாக இருக்கணும் இல்லையா?

ஒன்று சொல்லாமல் விட முடியாது. எங்க வீட்டுப் பட்டா தாத்தா பேரில் வந்தது. அக்கம்பக்கத்திலும் ஆம்பளை பேர்தான். கொல்லையில் வேலை செய்தது முழுக்கப் பெண்கள், காகிதத்தில் ஒரு பெண் பேர் இல்லை. இதே கீழத்தஞ்சையில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவும் அவர் கணவரும் 1981-ல் லாப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்த நிலத்தைப் பெண்கள் பேரில் பதிவு செய்ததை நாம் மறக்கக் கூடாது. 2020-ல் அந்த அம்மாவுக்குப் பத்மபூஷண் அறிவித்தார்கள். நாம் இன்று மனுவில் மனைவி பெயர் என்று கேட்டு வாங்குகிறோமே, அதற்கு முன்னால் நடந்தவங்க அவங்க.

அரசாங்கம் விவசாயத்துக்கு எத்தனையோ செய்தது. 1960 வாக்கில் தீவிர வேளாண் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் எடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. ஆடுதுறை 27 நெல் வந்தது, யூரியா வந்தது, மூட்டை கூடியது. அத்தனையும் நெல்லுக்கு. கொல்லைக் கத்திரியை அப்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் ஒரு நன்மை என்று எனக்குப் படுகிறது. நெல் விதை பெண்கள் கையை விட்டுப் போனது, காய் விதை அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. நல்ல செடியில் இரண்டு கத்திரியை மஞ்சளாகப் பழுக்கவிட்டு, கசக்கிக் கழுவி, சாம்பல் கலந்து நிழலில் உலர்த்தி வைப்பதை அப்பாயியிடம் அம்மா கற்றாங்க, அம்மாவிடம் நான். பீர்க்கு விதை முற்றின கூட்டுக்குள்ளேயே அடுப்புக்கு மேலே தொங்கும். கடைப் பாக்கெட் விதை நிறையக் காய்க்கும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒட்டு ரக விதையை எடுத்து மறுவருஷம் போட்டால் ஒரே மாதிரி வராது, திரும்பவும் காசு கொடுக்கணும்.

நம்ம குழுக்களின் வரலாறு இதற்குப் பிறகுதான் வருகிறது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் ஆரம்பம். 1989-ல் ஐ.நா.வின் வேளாண் நிதி அமைப்பு உதவியோடு தருமபுரியில் முதல் குழுக்கள். 1992-ல் நபார்டு வங்கி இணைப்பு, 1997-98-ல் மகளிர் திட்டம். எங்க அம்மா குழுவில் சேர்ந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. சந்தாப் பணம் கொல்லையிலிருந்துதான் போனது. அம்மாவுக்குக் கூலி இல்லாத பங்குனி, சித்திரையிலும் சந்தா நிற்கவில்லை. வெண்டை, கொத்தவரை கூறு கட்டி விற்ற காசு. அப்பா கையில் கேட்காமல் அம்மா கட்டிய முதல் காசு அதுதான்.

2018 நவம்பர் 16 கஜா புயலில் அப்பாயி வைத்த தென்னை விழுந்தது, முருங்கை முறிந்தது. அந்தத் தை மாதம் முறிந்த கிளைகளின் மேலேயே சுரைக்கொடியை ஏற்றிவிட்டாங்க. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு. பஸ் இல்லை, சந்தை இல்லை. சரியாகக் கோடைக்காய் பறிப்புத் தொடங்குகிற நேரம். எங்க தெருவில் கொல்லை வைத்திருந்தவங்க எல்லாம் சேர்ந்து, யார் வீட்டில் என்ன காய்த்ததோ அதைக் கூடையில் வைத்து வாசல் வாசலாக மாற்றிக்கொண்டோம். காசு இருந்தவங்க கொடுத்தாங்க, இல்லாதவங்க கீரை கொடுத்தாங்க. கொல்லையே இல்லாத வீடுகள் பட்ட பாட்டையும் பார்த்தோம்.

அந்தக் கொல்லையே இல்லாத வீடுகள்தான் இப்போது கூடிக்கொண்டு வருகிறது. தாத்தா பேரில் வந்த மனையை மூணு மகன்கள் பிரித்தாகிவிட்டது. ஒவ்வொருத்தரும் மச்சு வீடு கட்டும்போது பின்னால் இருக்கும் இடம்தான் போகிறது. வீடு வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டோம், ஒழுகிற கூரைக்குள் இருந்தவங்க நாம். ஆனால் வரைபடம் போடும்போது கொல்லையைச் சும்மா கிடக்கிற இடம் என்று சொல்கிறாங்களே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்க அப்பா பங்கு பிரித்தபோது கிணற்றடியை ஒட்டி இரண்டு செண்டைப் பொதுவில் விடணும் என்று அப்பாயி ஒற்றைக் காலில் நின்னாங்க. கையெழுத்துப் போடும் உரிமை அவங்களுக்கு இருந்ததால் நடந்தது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே கொண்டு வந்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவங்களுக்கு அதில் இடமில்லை. 2005-ல் மத்திய சட்டம் திருத்தப்பட்டபோது அந்த வேறுபாடு போனது. பங்கு கேட்டால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை போகும் என்று நம்ம பேர் சும்மா விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறாங்க. போடுவதும் போடாததும் அவரவர் இஷ்டம். போடுவதற்கு முன்னால் பட்டாவில் யார் பேர் இருக்கு, கூட்டுப் பட்டாவா தனிப் பட்டாவா, கொல்லை எந்தப் பங்கில் வருது என்று இந்த மூன்றையாவது படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் குழுவில் படித்த பிள்ளை யாரையாவது கூட்டிப் போங்கள்.

எங்க குழுவில் இந்த வருஷம் விதை டப்பா ஒன்று வைத்திருக்கிறோம். கொத்தவரை, பீர்க்கு, பாகல், நாட்டு வெண்டை இருக்கு. பச்சை வரிக் கத்திரி இப்போதுதான் பழுக்க விட்டிருக்கிறேன், அடுத்த மாதக் கூட்டத்துக்குள் உலர்ந்துவிடும். வேண்டியவங்க காகிதப் பொட்டலத்தோடு வாங்க. காசு வேண்டாம், ஒரு பிடி எடுத்தால் அறுத்த பிறகு இரண்டு பிடி கொடுக்கணும்.