பூந்தொட்டிக்குக் காசு யார் கொடுப்பது?

டொராண்டோவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் புளோர் வெஸ்ட் வில்லேஜ் பக்கம் கடைக்குப் போயிருப்பீர்கள். அந்தக் கடைத்தெருவுக்கு உலக வரலாற்றில் ஓர் இடம் உண்டு. இன்றைக்கு அந்தக் கதை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1960களில் அந்தத் தெருவுக்கு இரண்டு அடி விழுந்தது. முதலாவது, 1964ல் திறந்த யார்க்டேல் வணிக வளாகம். ஒரே கூரைக்குள் எல்லாக் கடையும், கார் நிறுத்தத் தாராளமாக இடமும் அங்கே இருந்தன. இரண்டாவது சுரங்க ரயில். அதுவரை டிராமில் போகிறவர்கள் ஜன்னல் வழியே கடையைப் பார்த்து இறங்குவார்கள். 1968ல் ரயில் பாதை இந்தப் பகுதியையும் தாண்டி மேற்கே நீண்டதும், அந்தக் கூட்டம் பூமிக்கு அடியில் போய்விட்டது.

தெருவை அழகுபடுத்தி ஆட்களை இழுக்கலாம் என்றால் அதற்குப் பணம் வேண்டும். சந்தா பிரித்தால் சிலர் கொடுப்பார்கள், சிலர் கொடுக்க மாட்டார்கள். ஆனால் விளக்குப் போட்டால் எல்லார் வாசலிலும்தான் வெளிச்சம். கொடுத்தவர் மனம் கசந்து அடுத்த ஆண்டு அவரும் கையை விரிப்பார். சங்கம் படுத்துவிடும்.

அலெக்ஸ் லிங் போன்ற கடைக்காரர்கள் முன்நின்றார்கள். எல்லைக்குள் இருக்கும் எல்லா வணிகர்களும் கட்டாயம் பங்கு தரும்படி சட்டம் கேட்டார்கள். ஒண்டாரியோ மாகாணம் அதற்கு வழிசெய்ய, 1970ல் புளோர் வெஸ்ட் வில்லேஜில் உலகின் முதல் 'வணிக மேம்பாட்டுப் பகுதி' பிறந்தது.

நடைமுறை எளிது. உறுப்பினர்கள் கூடி ஆண்டு பட்ஜெட் போடுவார்கள். நகரசபை ஒப்புதல் தந்து, சொத்துவரியோடு சேர்த்து வசூலித்து, நிர்வாகக் குழுவிடம் கொடுத்துவிடும். ஒரு கணக்குப் போடுவோமா? பட்ஜெட் 1 லட்சம் டாலர். பகுதியின் வணிகச் சொத்து மதிப்பு மொத்தம் 10 கோடி. உங்கள் கட்டடம் 10 லட்சம், அதாவது நூற்றில் ஒரு பங்கு. நீங்கள் கட்ட வேண்டியது 1,000 டாலர். அந்தப் பணம் பூந்தொட்டி, பெஞ்சு, அலங்கார விளக்கு, விழா, விளம்பரம் என்று அதே தெருவில்தான் செலவாகும்.

இந்த ஏற்பாடு 1970களிலேயே அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனது. இங்கிலாந்து 2003ல் சட்டம் இயற்றியது. அங்கே வாக்கெடுப்பு உண்டு. வாக்களித்தவர்களின் எண்ணிக்கை, அவர்களின் சொத்து மதிப்பு இரண்டிலும் பெரும்பான்மை வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் மறுபடி வாக்குக் கேட்க வேண்டும்.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். கட்டாய வரி என்றால், அதைச் செலவழிப்பதில் யாருக்குக் குரல்? ஒண்டாரியோ சட்டத்தில் எத்தனை கட்டடம் வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். வரியின் பங்கைச் சுமக்கும் வாடகைக் கடைக்காரரும் உறுப்பினர். நியூயார்க்கில் அப்படியில்லை. நிர்வாகக் குழுவில் சொத்து உரிமையாளர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கிராண்ட் சென்ட்ரல் பகுதியில் குடியிருந்தவர்கள், 'எங்கள் வாக்கு மட்டும் மட்டமா?' என்று வழக்குப் போட்டார்கள். 1998ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த அமைப்பின் வேலை குறுகியது, அரசாங்கத்துக்குரிய பொது அதிகாரம் அதற்கு இல்லை என்று சொல்லிவிட்டது.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். தெரு அழகானால் கட்டட மதிப்பு ஏறும், கூடவே வாடகையும் ஏறும். உரிமையாளருக்கு லாபம். வாடகைக்காரரோ பூந்தொட்டிக்கும் காசு கொடுத்து, பிறகு அந்தத் தெருவையே விட்டுப் போகவும் நேரலாம். அதனால் கூட்டு முயற்சி தப்பு என்று சொல்ல மாட்டேன். சுமக்கிற ஒவ்வொருவருக்கும் கூட்டத்தில் நாற்காலி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளிநாட்டில் கடை வைத்திருக்கும் பிள்ளைகளே, ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு வந்தால் மூலையில் போடாதீர்கள். போய் உட்கார்ந்து வரவு செலவைக் கேளுங்கள். உங்கள் பகுதியில் இது எப்படி நடக்கிறது என்று கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.