26 வயசுல 'போதும்'னு சொன்ன கேப்டன்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ எங்க டீம் பசங்க கேட்டாங்க. "அண்ணே, அடுத்த வருஷமும் லெஃப்ட் விங் நீங்கதானே?" பதில் சொல்லாம சிரிச்சு மழுப்பிட்டு சென்னைக்கு பஸ் ஏறிட்டேன். உக்காந்தே வேலை பாக்கற உடம்பு, முட்டி வலி, இதெல்லாம் பசங்ககிட்ட சொல்லிக்கிற மாதிரியா இருக்கு? :-)

எங்க ஊர் பொம்மையார்பாளையம். புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர். வழியா வடக்கே வந்தா கோட்டக்குப்பம், முதலியார்சாவடி தாண்டி வர்ற கடலோர கிராமம். மாவட்டம் விழுப்புரம், ஆனா அடிக்கிறது பாண்டிக் காத்து. அதனாலயோ என்னவோ ஃபுட்பால் பைத்தியம் கொஞ்சம் ஜாஸ்தி. நாங்க விளையாடிப் பழகின மணல்ல பாதியைக் கடல் எடுத்துக்கிச்சு, அது தனிக் கதை.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நான் ப்ளஸ் டூ படிச்சப்போ எங்க கேப்டனா ஒரு அண்ணன் இருந்தார். பக்கத்து ஊர் டோர்னமென்ட்ல நாங்க முதல் தடவையா கப் அடிச்ச அன்னிக்கு சாயங்காலம், பூட்ஸைக் கழட்டி ஒரு சின்னப் பையன் கையில குடுத்துட்டு, "போதும்டா தம்பி"ன்னு சொன்னார். அப்போ அவருக்கு 29 வயசு. நல்லா ஓடிக்கிட்டு இருந்த மனுஷன். அடுத்த வருஷம் அதே டோர்னமென்ட்ல முதல் மேட்ச்லயே அஞ்சு கோல் வாங்கிக்கிட்டு தலையைத் தொங்கப் போட்டு திரும்பி வந்தோம். எனக்கு அவர் மேல இருந்த கோவம் தீர பல வருஷம் ஆச்சு. சரியாச் சொன்னா, சுனி கோஸ்வாமியைப் பத்தி படிச்சதுக்கு அப்புறம்தான் தீர்ந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சுனி கோஸ்வாமி பிறந்தது 1938 ஜனவரி 15, இன்னிக்கு வங்கதேசத்துல இருக்கற கிஷோர்கஞ்ச். எட்டு வயசுல மோகன் பகான் ஜூனியர் அணியில சேர்ந்தார். 1954ல சீனியர் அணி. கடைசி வரைக்கும் அந்த ஒரே கிளப்தான். ஃபார்வர்ட் ஆட்டக்காரர். பந்து காலோட ஒட்டிக்கிட்டே வரும்னு பார்த்தவங்க எழுதியிருக்காங்க. 1956ல இந்திய அணிக்கு வந்தார். 1962ல ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு அவர்தான் கேப்டன். வயசு 24.

அந்த ஜகார்த்தா கதை தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா உள்ளே விடலை. இது தப்புன்னு இந்தியாவோட ஜி.டி. சோந்தி குரல் குடுத்தார். அந்தக் கோவம் எல்லாம் நம்ம ஆட்டக்காரங்க மேல திரும்பிச்சு. மைதானத்துல இறங்கினாலே கூச்சல். முதல் ஆட்டத்துல தென் கொரியாகிட்ட 0-2ன்னு தோல்வி. தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0ன்னு ஜெயிச்சு அரையிறுதிக்கு வந்தாங்க. அங்க தென் வியட்நாமை 3-2ன்னு ஜெயிச்சதுல சுனி அடிச்சது ரெண்டு கோல். தலையில தையல் போட்டிருந்த டிஃபண்டர் ஜர்னைல் சிங்கை கோச் ரஹீம் ஃபார்வர்டா இறக்கினார். செப்டம்பர் 4, ஃபைனல்ல திரும்பவும் தென் கொரியா. பி.கே. பானர்ஜி ஒண்ணு, ஜர்னைல் ஒண்ணு, 2-1. தங்கம். அன்னிக்கு கோல்போஸ்ட்ல நின்னவர் நம்ம தங்கராஜ். வெலிங்டன்ல இருக்கற மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் வளர்த்தெடுத்த கீப்பர்.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1964ல, இஸ்ரேல்ல நடந்த ஆசியக் கோப்பை. நாலே நாடுகள்தான் ஆடுச்சுன்னாலும் தென் கொரியாவையும் ஹாங்காங்கையும் ஜெயிச்சு இந்தியா ரெண்டாவது இடம். அப்பவும் சுனிதான் கேப்டன். அதே வருஷம் மெர்டேக்கா போட்டியிலயும் ரெண்டாவது இடம். அதோட இந்திய அணிக்கு ஆடறதை நிறுத்திட்டார்.

27 வயசு கூட நிறையலை மக்களே! இன்னிக்கு அந்த வயசுல நம்மாளுங்க 'வளரும் இளம் வீரர்' லிஸ்ட்ல இருப்பாங்க.

காயமில்லை. யாரும் அணியை விட்டு எடுக்கவும் இல்லை. மோகன் பகானுக்கு 1968 வரைக்கும் ஆடிக்கிட்டுதான் இருந்தார். அதுக்கு நடுவுலயே இன்னொரு வேலையும் ஓடுச்சு, கிரிக்கெட். 1966 டிசம்பர்ல இந்தூர்ல, சுற்றுப்பயணம் வந்த வெஸ்ட் இண்டீசை மத்திய-கிழக்கு மண்டல அணி இன்னிங்ஸ் வித்தியாசத்துல ஜெயிச்சப்போ சுனி எடுத்தது மொத்தம் 8 விக்கெட். 1968-69 ரஞ்சி ஃபைனல்ல பம்பாய்க்கு எதிரா 96, 84. 1971-72ல பெங்காலுக்கு கேப்டனா இன்னொரு ரஞ்சி ஃபைனல். ஒரு வாசலைச் சாத்தினா அடுத்த வாசல் தானாத் திறக்கற ஜாதகம்!

இதுவரைக்கும் படிச்சப்போ எனக்கும் புல்லரிச்சுது. மேல இருக்கும்போதே இறங்கிட்டார், மானஸ்தன், அது இதுன்னு. ஆனா அவர் பக்கத்துல ஆடின இன்னும் ரெண்டு பேரைப் பார்த்ததும் கதை கொஞ்சம் மாறிடுச்சு.

சுனி, பி.கே., பலராம். அந்தக் காலத்து இந்திய ஃபுட்பாலோட மும்மூர்த்திகள். துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்துல குடியிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல ஹங்கேரிக்கு எதிரா கோல் போட்டவர். ஈஸ்ட் பெங்காலுக்கு கேப்டனா 1961ல கல்கத்தா லீக் ஜெயிச்சுக் குடுத்தவர். 1963ல நுரையீரல் நோய் வந்து ஆட்டத்தையே விட்டார். அவருக்கும் அப்போ 26, 27 வயசுதான்.

ஒரே அணி, ஏறக்குறைய ஒரே வயசு. ஒருத்தர் 'போதும்'னு சொன்னார். இன்னொருத்தருக்கு அதைச் சொல்ற வாய்ப்பே கிடைக்கலை, உடம்பு முந்திக்கிச்சு. சுனிக்கு 1983ல பத்மஸ்ரீ, பி.கே.வுக்கு 1990ல பத்மஸ்ரீ. பலராமுக்கு கடைசி வரைக்கும் வரலை. 2023 பிப்ரவரியில அவர் இறந்தப்போ நம்ம பக்கம் எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரிஞ்சிருக்கும்? உச்சத்துல இருக்கும்போது விலகறதை நாம ஒரு குணமா மட்டும் பாக்கறோம். அது ஒரு வசதியும்தான். கைவசம் வேற வேலை, வேற ஆட்டம், ஒத்துழைக்கிற உடம்பு, இதெல்லாம் இருக்கறவனுக்குத்தான் அந்த 'போதும்' வாயில வரும்.

அடுத்து அணி என்ன ஆச்சுன்னு பாருங்க. கோச் ரஹீம் 1963 ஜூன்ல புற்றுநோயில இறந்தார். ஜகார்த்தாவுக்கே நோயோடதான் வந்திருந்தார். அதே வருஷம் பலராம் போனார். 1964ல சுனி. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுல ஜப்பான்கிட்ட 1-2, ஈரான்கிட்ட 1-4ன்னு தோத்து இந்தியா முதல் சுற்றோட வெளியே. சுனிக்கு அப்போ 28 வயசுதான். அவர் இருந்திருந்தா?

நம்ம பொட்டி தட்டற உலகத்துல, ஒருத்தன் பேப்பர் போட்டா நோட்டீஸ் பீரியட் முழுக்க அவனை உக்கார வெச்சு கே.டி. வாங்குவாங்க. நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபர். அவன் தலைக்குள்ள இருக்கறது எல்லாம் அடுத்தவன் நோட்டுக்கு வந்தாகணும். அது சரியா நடக்கலைன்னா போனவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை, கேட்டு வாங்காத மேனேஜரைத்தான் திட்டணும். ரஹீம் 1950லேர்ந்து தலைக்குள்ள வெச்சு நடத்தின அணி அது. அவருக்கு அடுத்து யார், சுனிக்கு அடுத்து யார்னு நிர்வாகம் ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தா நாலு வருஷத்துல சீட்டுக்கட்டு மாதிரி சரிஞ்சிருக்காது.

கே.டி. குடுத்தா என்ன நடக்கும்ங்கறதுக்கும் அதே மும்மூர்த்திகள்ல உதாரணம் இருக்கு. பி.கே. பானர்ஜி காயங்களால 1967ல ஆட்டத்தை விட்டார். விட்டுட்டு வீட்டுக்குப் போகலை, கோச் ஆனார். 1970 பாங்காக்ல இந்தியா வெண்கலம் வாங்கினப்போ பயிற்சியாளர்கள்ல அவரும் ஒருத்தர். ஆசிய விளையாட்டு ஃபுட்பால்ல நாம வாங்கின கடைசிப் பதக்கம் அதுதான். சுனியும் பின்னாடி, எண்பதுகள்ல ஜாம்ஷெட்பூர் டாடா ஃபுட்பால் அகாடமிக்கு இயக்குநரா இருந்து பசங்களை வளர்த்தார். ரெண்டு பேரும் 2020ல, மார்ச்ல பி.கே., ஏப்ரல்ல சுனின்னு அடுத்தடுத்து போயிட்டாங்க.

கூப்பிடற குரலுக்குத் திரும்பி வந்தவங்களும் உண்டு. ஜிடான் 2004ல பிரான்ஸ் அணியை விட்டு விலகினார். அணி தடுமாறவும் 2005ல திரும்பி வந்து 2006 உலகக் கோப்பை ஃபைனல் வரைக்கும் கொண்டு போனார். அங்க தலையால முட்டி சிவப்பு அட்டை வாங்கினது உலகத்துக்கே தெரியும். நம்ம சுனில் சேத்ரி 2024 ஜூன்ல கொல்கத்தாவுல கண்ணீரோட விடைபெற்றார். கோல் அடிக்க ஆளில்லாம 2025 மார்ச்ல, 40 வயசுல திரும்பக் கூப்பிட்டாங்க. வந்தார், மாலத்தீவுக்கு எதிரா கோலும் போட்டார். நாம கை தட்டினோம். ஆனா 60 வருஷம் கழிச்சும் அதே கேள்வி அங்கேயே நிக்குது பாருங்க. அடுத்தவன் எங்கே?

இப்போ எங்க ஊர் அண்ணனுக்கு வர்றேன். போன பொங்கலன்னிக்கு டீக்கடையில வெச்சு, இத்தனை வருஷம் கழிச்சு, நேராவே கேட்டேன். "ஏண்ணே அன்னிக்கு விட்டுட்டுப் போனீங்க?" சிரிச்சார். "நான் எங்கடா போனேன்? மறுநாள் காலையில வழக்கம்போல கிரவுண்டுக்கு வந்தேன். சொல்லித் தரேன்னு சொன்னேன். கோவத்துல ஒருத்தனும் பக்கத்துல வரலை. நீயும்தான்."

எனக்கு சுத்தமா மறந்து போயிருந்தது. அவர் ரெண்டு மாசம் காலையில வந்து நின்னதும், நாங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டதும். குடுக்கறவர் நின்னார், வாங்கிக்கத்தான் ஆளில்லை. அஞ்சு கோல் வாங்கினது அவரால இல்லை, எங்களால.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் பசங்களுக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன். அடுத்த பொங்கலுக்கு லெஃப்ட் விங் நான் இல்லை. அந்த ஒன்பதாவது படிக்கிற பொடியன், இடது கால்காரன், அவன்தான். அதுவரைக்கும் மாசத்துல ரெண்டு சனி ஞாயிறு நான் ஊருக்கு வருவேன், எதிர் டீம்ல நின்னு அவனை மறிப்பேன். அண்ணனும் வர்றேன்னு சொல்லியிருக்கார்.

பொடியன்கிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுக்கிட்டேன். எம்மேல கோவம் இருந்தா திட்டிக்கோ, ஆனா காலையில கிரவுண்டுக்கு வந்துடு.