மஞ்சள் அட்டைப் புத்தகம் போன வழி

1972-ல் லண்டனிலிருந்து ஒரு பழைய வேனில் கிளம்பிய டோனி, மொரீன் வீலர் தம்பதி, காபூலில் வேனை விற்றுவிட்டு மிச்ச ஆசியாவை பஸ்ஸிலும் ரயிலிலும் கடந்தார்கள். வருடக் கடைசியில் சிட்னி சேர்ந்தபோது இருவரிடமும் சேர்த்து 27 சென்ட்தான் இருந்தது. மறுவருடம் அந்தப் பயணத்தை ஒரு மெல்லிய புத்தகமாக்கி, தாங்களே ஸ்டேப்பிள் அடித்து விற்றார்கள். லோன்லி பிளானட் என்ற பயணக் கையேட்டுப் பதிப்பகம் பிறந்தது அப்படித்தான்.

ஆனால் அதிக தூரம் போனது அடுத்த புத்தகம். யமஹா பைக்கில் தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றிவிட்டு, சிங்கப்பூரில் ஒரு சீன லாட்ஜ் அறையில் உட்கார்ந்து எழுதியது. 1975-ல் மஞ்சள் அட்டையோடு வந்தது. பயணிகள் அதை 'மஞ்சள் பைபிள்' என்றே அழைத்தார்கள். அன்றைக்கு பர்மா ஏழே நாள் விசாதான் தரும். வரியில்லாக் கடையில் ஒரு பாட்டில் விஸ்கியும் 555 பிராண்டு சிகரெட்டும் வாங்கிப்போய் ரங்கூனில் விற்றால், அந்த வாரச் செலவில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். நடந்து பார்த்தவருக்குத்தான் தெரியும் இப்படிப்பட்ட சங்கதி; புத்தகத்தின் பலமும் அதுதான்.

ஒருவர் படித்து முடித்ததும் புத்தகத்தின் அடுத்த ஆயுசு தொடங்கும். பாங்காக்கின் காவோ சான் சாலையில் பழைய புத்தகக் கடைக்குப் போகும். வேறொரு தோள்பையில் ஏறும். பின்னாளில் வியட்நாம் தெருக்களில் இந்த வரிசைப் புத்தகங்களின் ஜெராக்ஸ் பிரதிகளைக் கண்ணாடித்தாள் சுற்றி, மார்பளவு அடுக்கித் தூக்கிவந்து விற்றார்கள். விலை கொள்ளை மலிவு. ஆனால் வரைபடத்தில் தெருப்பெயர் மசி அப்பிக் கிடக்கும். இரவு பத்து மணிக்குத் தெரியாத ஊரில் இறங்குகிறவருக்கு அந்த ஒரு பக்கம்தான் முக்கியம். அதைக் கெடுத்த பிரதி எவ்வளவு மலிவாக இருந்தாலும் நஷ்டமே.

இன்னொன்றும் நடந்தது. மலிவு என்று புத்தகம் பெயர் சொன்ன லாட்ஜில் கூட்டம் சேர்ந்தது. அடுத்த பதிப்புக்குள் வாடகை ஏறிவிட்டது. அதனால் கைடு வாங்கும்போது முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள். அதில் உள்ள விலைகள் அச்சுக்கும் ஒரு வருடம் முந்தியவை என்று வைத்துக்கொள்ளுங்கள். லாட்ஜ் பெயரைவிட, எந்தப் பேட்டையில் மலிவான அறைகள் சேர்ந்திருக்கின்றன என்று சொல்லும் புத்தகமே நாள்பட உழைக்கும். வழவழப்பான கோயில் படங்களுக்கு மயங்க வேண்டாம், அவை கனம்தான். நீங்கள் போகப்போகும் ஒரு சிற்றூரை எடுத்து, பஸ் எங்கே நிற்கும், கடைசி வண்டி எப்போது, அங்கிருந்து அறைக்கு நடக்க முடியுமா என்று தேடுங்கள். மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்தப் புத்தகத்தையே வாங்குங்கள்.