பாட்டில்டு-இன்-பாண்டு சட்டம் (1897)

பாட்டில்டு-இன்-பாண்டு சட்டம் அமெரிக்காவில் 1897 மார்ச் 3 அன்று நிறைவேறியது. அரசு மேற்பார்வையிலுள்ள கிடங்கில் முதிர்ந்த மதுவுக்கு இச்சட்டம் அரசு முத்திரை வழங்கியது.

19-ஆம் நூற்றாண்டில் விஸ்கி பெரும்பாலும் பீப்பாய்க் கணக்கில் கைமாறியது. வடிப்பாலையை விட்டு வெளியேறிய பின் அதில் என்ன சேர்ந்தது என்று குடிப்பவருக்குத் தெரியாது. கலப்பு வணிகர்கள் சுவையற்ற எரிசாராயத்தில் கருக்கிய சர்க்கரையும் உலர்பழச் சாறும் கலந்து, முதிர்ந்த போர்பன் என்று விற்றனர்.

கென்டக்கி வடிப்பாலை உரிமையாளர் எட்மண்ட் ஹெய்ன்ஸ் டெய்லரும், அதே மாநிலத்தவரான நிதியமைச்சர் ஜான் கார்லைலும் இச்சட்டத்துக்காக முயன்றனர். டெய்லருக்கு இதில் சொந்த லாபமும் இருந்தது. மலிவான கலப்புச் சரக்கு அவரது வியாபாரத்தைக் கெடுத்துவந்தது.

முத்திரை பெற, மது ஒரே வடிப்பாலையில் ஒரே பருவத்தில் வடித்ததாக இருக்க வேண்டும். குறைந்தது 4 ஆண்டுகள் கிடங்கில் இருக்க வேண்டும். ஆல்கஹால் அளவு 50 விழுக்காடு. அந்த அளவுக்குக் குறைக்க நீர் மட்டும் சேர்க்கலாம். மூடியின் மேல் பச்சை முத்திரைத்தாள் ஒட்டப்பட்டது.

பச்சைத்தாள் இப்போது இல்லை, விதிகள் உள்ளன. அன்றாடம் அருந்தும் விலையிலேயே இவ்வகை போர்பன்கள் கிடைக்கின்றன. வலிமை ஒன்றே என்பதால் இவற்றைச் சுவைத்து ஒப்பிடுவது எளிது. இவான் வில்லியம்ஸ் வெள்ளை லேபிளில் மக்காச்சோளத்தின் இனிப்பு முந்துகிறது. ரை தானியம் கூடுதலாக உள்ள ஓல்டு கிராண்ட்-டாடில் மிளகுபோன்ற காரம் எழுகிறது. வெறுமனே பருகினால் எரிவு நாக்கை மரக்கச்செய்யும் என்பதால் ஒப்பிடுபவர்கள் சில துளி நீர் விட்டு மறுமுறை சுவைப்பதுண்டு.