விடுதியிலிருந்து வீட்டிற்கு: சென்னை மேற்குப் புறநகரும் குழந்தைப் பராமரிப்பின் வரலாற்று மாற்றமும்

முன்னுரை

பெற்றோரை இழந்த குழந்தையைப் பாட்டியோ தாய்மாமனோ சித்தியோ எடுத்து வளர்ப்பது தமிழ்ச் சமூகத்தின் நெடுநாளைய வழக்கமாகும். ஆயினும், அரசின் பொருளுதவி அவ்வாறு வளர்ப்போரின் வீட்டை வந்தடைய நெடுங்காலம் ஆயிற்று. அம்மாற்றத்தையும் அதன் வரம்பையும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

விடுதி முதன்மை பெற்ற காலம்

1789இல் ஆண்ட்ரூ பெல் பொறுப்பேற்ற எழும்பூர் ஆண்கள் ஆதரவற்றோர் விடுதி, ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக நடத்தப்பட்டது. இந்தியத் தாய்மாரின் செல்வாக்கிலிருந்து பிள்ளைகளை விலக்கி வளர்ப்பதே நன்று என்னும் எண்ணம் அதில் மேலோங்கியிருந்தது. 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம், குழந்தையை உறவினரிடமோ தகுதியுடைய பிறரிடமோ ஒப்படைக்க இடமளித்தது. எனினும் ஒப்படைத்தல் வேறு; வளர்ப்பவரின் செலவைப் பகிர்ந்துகொள்ளுதல் வேறு.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும் என்னும் நெறியை வகுத்தது. பெற்றோரல்லாத குடும்பத்தில் குழந்தையை வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்பை 44ஆம் பிரிவும், குழந்தை தன் குடும்பத்திலேயே வாழத் துணைபுரியும் நிதி ஆதரவை 45ஆம் பிரிவும் கூறுகின்றன. தத்தெடுப்பைப் போல் இவை குழந்தையின் சட்டவழி உறவை மாற்றுவதில்லை.

புறநகர்க் குடும்பமும் உதவியும்

ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் (1961) அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் (1964) வெளியூர்க் குடும்பங்களை இப்பகுதிக்கு ஈர்த்தன. வேலை அருகில் வந்தது. உறவு தொலைவில் நின்றது. கணவனை இழந்த தாய் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குச் செல்லும் வாய்ப்பு இதனால் குறைந்தது. இத்தகைய சூழலில் மாத உதவித்தொகையே குழந்தை வீட்டில் வளர்வதா விடுதிக்குச் செல்வதா என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.

2021இல் கொரோனாவால் பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைகளுக்குத் தமிழக அரசு மாதம் 3,000 ரூபாய் அறிவித்தது. 2022இல் நடுவண் அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ நெறிமுறைகள் நிதி ஆதரவை மாதம் 4,000 ரூபாயாக வகுத்தன. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் நகர்ப்புறத்தில் 96,000 ரூபாயையும், ஊர்ப்புறத்தில் 72,000 ரூபாயையும் கடத்தலாகாது. அதாவது நகரில் மாதம் 8,000 ரூபாயே எல்லை. தொழிற்பேட்டையில் முழுநேர வேலை பெறும் தாய் இவ்வெல்லையைத் தாண்டி உதவியை இழக்க நேரலாம்.

நிர்வாக எல்லையும் கருதத்தக்கது. 2018இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துடன் இணைந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் நீடிக்கின்றன. குழந்தைகள் நலக்குழு மாவட்டந்தோறும் அமைவதால், வாடகை குறைந்த வீடு தேடி அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குக் குடிபெயரும் குடும்பம் வேறொரு குழுவின் எல்லைக்குள் செல்கிறது.

முடிவுரை

குழந்தையைக் குடும்பத்திலிருந்து விலக்கிக் காப்பதில் தொடங்கிய வரலாறு, குடும்பத்தைத் தாங்கிக் குழந்தையைக் காப்பதை நோக்கி நகர்ந்துள்ளது. வருமான வரம்பு புறநகர் வாழ்க்கைச் செலவோடு பொருந்துவதும், குடும்பம் இடம்பெயரும்போது உதவி தடைபடாதிருப்பதும் அம்மாற்றம் நிறைவுபெறத் தேவையானவை. அதுவரை சட்டம் ஏற்றுக்கொண்ட குடும்பத்தை விதிமுறையே விலக்கி வைக்கும் முரண் நீடிக்கும்.