மாடி ஏறிய கல்

1938இல் லண்டனின் 'தி ஃபீல்டு' இதழுக்கு 82 வயது முதியவர் ஒருவர் கடிதம் எழுதினார். பெயர் நெவில் சேம்பர்லின். அன்றைய பிரிட்டிஷ் பிரதமருக்கும் அதே பெயர்தான், ஆனால் இவர் வேறு ஆள்; ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி. ஸ்நூக்கர் இங்கிலாந்தின் வூல்விச் ராணுவப் பள்ளியில் பிறந்தது என்று யாரோ எழுதியிருந்தார்கள். 'இல்லை, 1875இல் ஜபல்பூரில், மழைக்காலத்தில், நான் ஆரம்பித்த ஆட்டம் அது' என்பது அவர் வாதம். பிரமிட்ஸ் என்ற ஆட்டத்தின் 15 சிவப்புப் பந்துகளோடு வேறு சில வண்ணப் பந்துகளைச் சேர்த்தார்கள். பந்தைக் குழியில் போடத் தவறிய ஒருவரை, புது மாணவனைக் கேலி செய்யும் வூல்விச் சொல்லால் 'ஸ்நூக்கர்' என்று அழைத்தாராம். அந்தச் சொல் ஆட்டத்தின் மேல் ஒட்டிக்கொண்டது. 1880களில் சேம்பர்லின் நம்ம ஊட்டிக்கு வந்தார். அங்கே ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. மறு ஆண்டு எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்ஸி அவர் பக்கம் நின்று கட்டுரை எழுத, சர்ச்சை ஏறக்குறைய முடிந்தது.

இந்தக் கதையை எங்கே படித்தாலும் இதே வரிசைதான்: அதிகாரி, சொல், விதி. மேசை எப்போதும் ஏற்கெனவே அங்கே இருக்கும். எப்படி வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

மேசை என்றால் மரம் என்று நினைப்போம். பச்சைத் துணிக்குக் கீழே இருப்பது கல். பழைய பில்லியர்ட்ஸ் மேசைகளில் மரப்பலகைதான் இருந்தது. ஈரத்தில் உப்பும், காய்ச்சலில் வளையும், பந்து கோணலாக ஓடும். 1820களில் லண்டனில் ஜான் தர்ஸ்டன் சிலேட்டுக்கு மாறினார். ஆந்திராவின் மார்க்காபூரிலிருந்து வந்து, நாம் அ, ஆ எழுதிப் பழகிய பலகையும் அதே வகைக் கல்தான். அடுக்கடுக்காகத் தட்டையாகப் பிளக்கும். கருங்கல்லில் ஆயிரங்கால் மண்டபம் நிறுத்திய மதுரையைச் சுற்றி, கல்லுக்குப் பஞ்சமில்லை. இந்தக் கல் மட்டும் கிடையாது.

சிலேட்டின் விலை, எடை. 12 அடிக்கு 6 அடி, 2 அங்குல கனம் என்று கணக்குப் போட்டால் கல் மட்டுமே 900 கிலோவைத் தாண்டும். அதனால்தான் முழு அளவு மேசையின் கல் ஐந்து துண்டுகளாக வரும்.

இந்த எடை எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, திருநகர் வீட்டு மாடிப்படியில்தான் புரிந்தது. நான் வாங்கியது சின்னது: எட்டடி பூல் மேசை, ஒரு அங்குலக் கல், மூன்று துண்டுகள், ஒவ்வொன்றும் 70 கிலோ அளவு. கோல் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. நாலு பக்கமும் அதை வீச இடம் விட்டால் அறை 17க்குப் பதிமூன்றரை அடியாவது வேண்டும், மாடியில் இருந்தது. குடியிருப்பு அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்பது நம் கட்டட விதி. சிவில் படித்த நண்பர் பார்த்துவிட்டு, "தாங்கும்டா, ஆனா காலை பீம் பக்கமா வையி" என்றார்.

கல்லைத் தூக்க நான்கு பேர் வந்தார்கள். படி பாதியில் திரும்பும் இடத்தில் கல்லைச் சாய்க்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. "பீரோன்னா முட்டுக் குடுக்கலாம்ணே. இது முனை தட்டுனா போச்சு" என்றார் மூத்தவர். மூன்று துண்டுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

அதற்குப் பிறகு இன்னொரு சிக்கல். நம் கொத்தனார்கள் தரையை மட்டமாகப் போடுவதில்லை. கழுவிவிட்ட தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் வைப்பார்கள். வீட்டுக்கு வாட்டம் நல்லது, பந்துக்கு ஆகாது. பொருத்த வந்தவர் ரசமட்டத்தைக் கல்லின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, இடுக்கில் மெல்லிய தகடு செருகி, துண்டுகள் சேரும் கோட்டில் தேன்மெழுகை உருக்கி ஊற்றிச் சுரண்டினார். துணி மூடிய பிறகு அந்த வேலையில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி.

இனி ஊட்டிக்குப் போவோம். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேல். குன்னூருக்கு மலை ரயில் வந்தது 1899இல், ஊட்டிக்கு 1908இல். விதிகளைச் சுவரில் மாட்டியபோது ரயில் மேட்டுப்பாளையத்தோடு நின்றுவிடும். அப்படியானால் கிளப்பின் மேசைக்கல் மலைப்பாதையில், மாட்டுவண்டியிலோ மனிதத் தோளிலோதான் ஏறியிருக்க வேண்டும். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளை எங்கள் வீட்டுப் படியின் ஒற்றைத் திருப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மலைப்பு வந்தது.

மேலே போன கல்லை ஒருவர் மட்டம் பார்த்திருப்பார். ஆட்டம் தொடங்கியதும் பந்தை எடுத்துக் கொடுக்கவும் புள்ளியைக் குறிக்கவும் இன்னொருவர் நின்றிருப்பார். அவரை மார்க்கர் என்பார்கள். வெள்ளையர் கிளப்புகளில் இந்த வேலை பெரும்பாலும் இந்தியர்களுடையது. உறுப்பினராக உள்ளே வர முடியாதவர், ஆனால் ஒவ்வொரு ஆட்டத்தையும் பக்கத்தில் நின்று பார்த்தவர். புது விதியில் எது சரிப்பட்டது, எது சண்டையில் முடிந்தது என்று அவரைவிட யாருக்குத் தெரிந்திருக்கும்?

1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். சுதந்திர இந்தியாவின் முதல் உலக சாம்பியன் அவர். மேசையைச் சுற்றி நின்றவர்களின் நாட்டுக்குக் கோல் கைமாற முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

சேம்பர்லினின் உரிமையை நான் மறுக்கவில்லை. அவர் கண்டுபிடித்தார், கேட்டதும் எழுதினார், சாட்சி சொல்ல ஆள் இருந்தது. ஆனால் ஜபல்பூரில் ஒரு மழைநாளில் தோன்றிய யோசனை, மட்டமான கல் இல்லாவிட்டால் மறுநாளே கோணலாக ஓடி நின்றிருக்கும். அந்த மட்டத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு எந்தப் பத்திரிகையும் கடிதம் எழுத இடம் கொடுக்கவில்லை. அவர்கள் விட்டுப்போன சாட்சி ஒன்றுதான்: பந்து நேராக ஓடியது.